இரண்டாவது கியருக்கு ஒரு கார்: நீலகிரியில் இரண்டாவது ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதும் ஓட்டுவதும்

குன்னூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியவர்களில், 'இரண்டாவது கியரில் செல்லவும்' என்று வளைவுக்கு வளைவு வைக்கப்பட்டிருக்கும் பலகையைப் பார்க்காதவர் இருக்க முடியாது. சமவெளியிலிருந்து வரும் வேன் ஓட்டுநர்களுக்கான எச்சரிக்கை என்று எண்ணியே பல ஆண்டுகள் நானும் அதைக் கடந்து போயிருக்கிறேன். ஏற்கெனவே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் ஒருவர் இரண்டாவதாக ஒன்று வாங்க நினைக்கும்போது, எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தப் பலகையிலேயே இருக்கிறது என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. இந்த மலையில் ஓட்டம் என்பது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கியர்களில் நடப்பது. மணிக்கு 30 கி.மீ. முதல் 60 கி.மீ. வரையிலான வேகத்துக்குள், அந்த இரண்டு கியர்களும் உற்சாகம் தருகிற காரே இங்கே நல்ல கார். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதைக் கேட்டால் குதிரைத்திறன் மீது காதல் கொண்டவர்களுக்குக் கோபம் வரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். கைமுறை கியர்பெட்டி கொண்ட போர்ஷே 718 கேமன் ஜி.டி.4 காரில் இரண்டாவது கியரே மணிக்கு 130 கி.மீ.யைத் தாண்டும். அதாவது நீலகிரியின் எந்த மலைப்பாதையிலும் அந்தக் கார் தன் இரண்டாவது கியரின் முதல் பாதியைக்கூட முழுமையாகப் பயன்படுத்தாமலேயே வீடு திரும்பும். அந்தக் காரைக் குறை சொல்லவில்லை. அதற்குரிய இடம் வேறு. கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2003 முதல் இயங்கிவரும் கரி மோட்டார் ஸ்பீட்வே, மலையடிவாரத்திலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் தொலைவில்தான் இருக்கிறது. பெரிய எஞ்சினைத் திறந்துவிட 2.1 கி.மீ. ஓடுதளம் அங்கே இருக்கிறது; அதற்கு ஈடான இடம் மலையில் கிடையாது.

எந்தக் கார் என்று முடிவு செய்வது

விற்பனையாளரைப் பார்ப்பதற்கு முன் மூன்று மாதம் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். காரை வெளியே எடுக்க ஆசைப்பட்டு, பிறகு ஷெட்டுக் கதவை மூடிவிட்டுத் திரும்பிய நாள்களை மட்டும் காரணத்தோடு அதில் எழுதுங்கள். என்னிடம் முதலில் இருந்தது கூரை மடங்கும் இரண்டு இருக்கைக் கார். பின்சக்கர இயக்கம், தரையோடு ஒட்டிய உடல், ஸ்டெப்னி கிடையாது. என் குறிப்பேட்டில் 'மழை' என்று சில நாள்கள் இருந்தன. 'குழாய் பதிக்கச் சாலையை வெட்டியிருக்கிறார்கள்' என்பது அதைவிட அதிகம். எல்லாவற்றையும்விட அதிகமாக 'பஸ் நேரம்' என்று எழுதியிருந்தேன். குறுகிய சாலையில் எதிரே அரசுப் பேருந்து வரும் நேரம் என்று அதற்குப் பொருள். இரண்டாவது கார் வாங்குவது இந்தக் குறிப்பேட்டுக்குப் பதில் சொல்வதற்காகத்தான். முதல் காரையே சற்று பெரிதாக்கி இன்னொன்று வாங்கியவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களிடம் இப்போது அதே நாள்களில் வெளியே எடுக்க முடியாத கார்கள் இரண்டு இருக்கின்றன.

அகலத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். மஞ்சூரைத் தாண்டி கிண்ணக்கொரை போகும் சாலையைப் போன்ற ஒருவழித்தடச் சாலைகளின் தார்ப்பரப்பு ஏறக்குறைய 3.75 மீட்டர் இருக்கும். பேருந்து ஒன்று இரண்டரை மீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஃபோர்டு மஸ்டாங்கின் அகலம் கண்ணாடிகளை விட்டுவிட்டாலே 1,916 மி.மீ. ஃபியட் புன்டோவின் அகலம் 1,687 மி.மீ. இரண்டுமே பேருந்துக்கு வழிவிட மண் ஓரத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றாலும், இடையிலுள்ள 23 செ.மீ. என்பது இடது சக்கரம் மண்ணில் நிற்கிறதா, தேயிலைத் தோட்டத்து வடிகாலுக்குள் விழுகிறதா என்பதைத் தீர்மானிக்கும் அளவு.

அடுத்தது தரை இடைவெளி. கொண்டை ஊசி வளைவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட மிகவும் செங்குத்தானது. மேலே ஏறும்போது வளைவு இடப்பக்கம் திரும்பினால் நாம் அந்த உட்புறத்தில்தான் போயாக வேண்டும். அப்போது முன்பம்பரின் இடது உதடு தார்ச்சாலையில் தேயும் ஒலி எத்தனை முறை கேட்டாலும் பழகாது. 150 மி.மீ. இடைவெளியும் குட்டையான முன்மூக்கும் இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. 120 மி.மீ.க்கும் கீழே என்றால் ஒவ்வொரு வேகத்தடையிலும் குறுக்காக ஏற்றி இறக்கி, பின்னால் வருபவரின் ஹாரனைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

எஞ்சினைப் பொறுத்தவரை உயரம் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதை மறக்கக் கூடாது. உதகை கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் அந்த விகிதத்தில் வலிமையை இழக்கும். 150 குதிரைத்திறன் என்று சொல்லி விற்ற கார் தொட்டபெட்டாச் சாலையில் 120 அளவுக்கே இழுப்பதன் காரணம் இதுதான். மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை. டர்போ எஞ்சின் இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். ஆனால் டர்போ விழித்துக்கொள்ளும் சுழற்சிக்குக் கீழே, அதாவது கொண்டை ஊசியிலிருந்து வெளியேறும் அந்தக் கணத்தில், சின்ன டர்போ எஞ்சினும் மந்தமாகத்தான் இருக்கும். எனவே சோதனை ஓட்டத்தைச் சமவெளியில் முடித்துக்கொள்ளாமல், செங்குத்தான ஏற்றம் ஒன்றில் இரண்டாவது கியரில் நிமிடத்துக்கு 1,500 சுழற்சியிலிருந்து மிதித்துப் பாருங்கள். அங்கே தடுமாறுகிற கார் மலைக்கு ஆகாது.

கியர்பெட்டி கைமுறையாக இருந்தால் நல்லது என்பது என் கட்சி. தானியங்கிதான் வேண்டும் என்பவர்கள், உலர் கிளட்ச் கொண்ட இரட்டைக் கிளட்ச் வகையைச் சற்று யோசித்து வாங்க வேண்டும். மே மாதச் சனிக்கிழமை குன்னூர்ச் சாலையில் பர்லியாருக்கு மேலே வாகனங்கள் அடுத்தடுத்து நின்று ஊரும்போது அந்தக் கிளட்ச் பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் உரசிச் சூடாகும். எண்ணெயில் நனையும் கிளட்ச் வகையும் கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகையும் இந்தச் சித்திரவதையை நன்றாகத் தாங்குகின்றன.

இந்த அளவுகோல்களை எல்லாம் வைத்து வடிகட்டினால் இந்தியச் சாலைகளில் பழைய விலைக்குக் கிடைக்கும் சில கார்கள் தேறும். 2015-இல் வந்த அபார்த் புன்டோ அவற்றில் ஒன்று: 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். ஃபியட் கார்களின் விற்பனை இந்தியாவில் நின்றுவிட்டதால் உதிரிபாகம் தேடி அலைய நேரும் என்பது உண்மையே. ஆனாலும் அதே டி-ஜெட் எஞ்சின் குடும்பம் லீனியாவிலும் இருந்ததால் எஞ்சின் பாகங்களுக்கு வழி பிறக்கும். 2016-இல் மிகக் குறைந்த எண்ணிக்கையில் வந்த மூன்று கதவு போலோ ஜி.டி.ஐ. அரிதானது, அழகானது; அரிதாக இருப்பதாலேயே விற்பவர் கேட்கும் விலை நியாயமாக இருப்பதில்லை. மினி கூப்பர் எஸ் ஓட்டச் சுகமானது. ஆனால் அதன் இறுக்கமான சஸ்பென்ஷனும் காற்றுப் போனாலும் ஓடும் ரன்-ஃபிளாட் டயரும் சேர்ந்து, நம் ஊரகச் சாலைகளின் ஒவ்வொரு ஒட்டுப்போட்ட இடத்தையும் முதுகெலும்புக்குத் தெரிவித்துவிடும். ஐ20 என் லைன் போன்ற 120 குதிரைத்திறன் கார்களை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா என்று சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். நடுவட்டத்தில் தேநீர் குடித்துக்கொண்டே அந்தச் சண்டையைப் போடலாம்.

வாங்குதலும் காகிதங்களும்

பழைய காரை வாங்கும்போது அடிப்பாகத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நான் சமவெளி நகரம் ஒன்றில் ஒரு சிறிய டர்போ காரைப் பார்த்து, 'மழையே காணாத வண்டி' என்று விற்பவர் சொன்ன சொல்லில் பாதி மயங்கியிருந்தேன். நல்ல வேளையாக, மேட்டுப்பாளையத்தில் எனக்குப் பழக்கமான பட்டறையில் காட்டிவிட்டு முடிவு சொல்கிறேன் என்று எடுத்து வந்தேன். ராம்ப்பில் ஏற்றிய மெக்கானிக் கைவிளக்கைப் பின்சக்கரத்தின் உட்பக்கம் பிடித்து, பிரேக் குழாயை விரல் நகத்தால் மெல்லச் சுரண்டினார். பழுப்புப் பொடி அவர் மணிக்கட்டில் உதிர்ந்தது.

"ஏனுங்க சார், இது கடலோரம் நின்ன வண்டிங்களா?"

"அப்படி ஒண்ணும் சொல்லலையே அண்ணா."

"வண்டி சொல்லுதுங்களே."

குழாய்களை மாற்றும் செலவையும் டயர் செலவையும் கழித்து விலை பேசிய பிறகுதான் அந்தக் காரை வாங்கினேன். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களையும் அப்போதே படித்துவிட வேண்டும். '2319' என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் ஆழமாக இருந்தாலும் ஆறு ஆண்டைக் கடந்த டயரை நம்பி நான் இறக்கத்தில் இறங்குவதில்லை. ஓடாமல் நின்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் டயர் தேய்வதற்கு முன்பே இறுகிப்போய்விடுகிறது.

வேறு மாநிலப் பதிவெண் கொண்ட கார் என்றால் அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். இங்கே மறுபதிவு செய்யும்போது காரின் வயதுக்கு ஏற்பக் குறைத்த வாழ்நாள் வரியை மீண்டும் கட்ட வேண்டும். 2023 இறுதியில் உயர்த்தப்பட்ட விகிதத்தின்படி 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு வாழ்நாள் வரி 20 விழுக்காடு என்பதை நினைவில் வைத்தால், வெளிமாநிலத்தில் 'மலிவாக' கிடைக்கும் கார் உண்மையில் என்ன விலை என்று தெரியும். உள்மாநிலக் கார் என்றால் படிவம் 29, 30 இரண்டோடு வேலை முடியும். கடனில் இருந்த காருக்குப் படிவம் 35-உம் வேண்டும்.

காப்பீட்டில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கான தள்ளுபடி உரிமையாளரைச் சேர்ந்தது என்பது உண்மையே; ஐந்து ஆண்டுகள் கடந்தால் அது 50 விழுக்காடு வரை போகும். ஆனால் பழைய காரை விற்றுவிட்டுப் புதியதை வாங்கினால்தான் அது கூட வரும். முதல் காரை வைத்துக்கொண்டே இரண்டாவதைச் சேர்த்தால் இரண்டாவது கார் பூச்சியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அதேசமயம், உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீட்டை இரண்டு காருக்கும் இரண்டு முறை எடுக்கத் தேவையில்லை. ஒன்று போதும் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். ஓடுகிற கிலோமீட்டருக்கு ஏற்பத் தொகை கட்டும் திட்டமும் 2022 முதல் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஓடும் காருக்கு அது பொருத்தமானது.

உதகையில் பதிவு செய்த டி.என். 43 வாகனங்களுக்கு, சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கும் மலை நுழைவு இ-பாஸ் தேவையில்லை. கோவையில் காரை நிறுத்தி வைத்து மலைக்கு ஓட்ட வருபவர்கள் அதை இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொண்டே வர வேண்டும். 2025 கோடைப் பருவத்தில் நீலகிரிக்குள் வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைக்கப்பட்டது.

நிறுத்தி வைப்பது

இரண்டாவது கார் வந்ததும், முதல் கார் நிற்கிற கார் ஆகிவிடும். மலையில் நிற்கிற காருக்கு ஓடுகிற காரைவிட அதிக நோய்கள் வரும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து ஈரத்தில் தோல் இருக்கையில் பூஞ்சை பூப்பதற்கு மழைக்காலத்தில் ஒரு மாதம்கூட வேண்டாம். ஷெட்டின் தரை சிமெண்டாக இருக்கட்டும், காற்று போய்வர இரண்டு பக்கமும் சன்னல் இருக்கட்டும். பேட்டரிக்குப் பராமரிப்புச் சார்ஜர் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். எலி ஒயரைக் கடிப்பது வேடிக்கையல்ல. தீவன மூட்டையையோ உருளைக்கிழங்கையோ காருக்குப் பக்கத்தில் அடுக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல கார்கள் 10 விழுக்காடு எத்தனால் கலப்புக்கே வடிவமைக்கப்பட்டவை. இப்போது பங்க்கில் வருவது 20 விழுக்காடு. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்கவிடாமல் இரண்டு கார்களையும் வாரம் விட்டு வாரம் மாற்றி ஓட்டுவதே சிறந்த மருந்து.

பிரேக்

இறக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த மலையில் கார்களைக் கொல்வது வேகத்தைவிட வெப்பம்தான். 1,400 கிலோ எடையுள்ள கார் உதகையிலிருந்து ஏறக்குறைய 1,900 மீட்டர் கீழே இருக்கும் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது இழக்கும் ஆற்றல் ஏழு யூனிட் மின்சாரத்துக்கும் சற்று அதிகம். இரண்டு கிலோவாட் கெய்சரை மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டால் வரும் வெப்பம் அது. அந்த வெப்பத்தை எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளாவிட்டால், நான்கு டிஸ்க்குகள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

டிஸ்க்கிலிருந்து பேடுக்கும், பேடிலிருந்து காலிப்பருக்கும் ஏறும் சூடு கடைசியில் பிரேக் ஆயிலைக் கொதிக்க வைக்கிறது. புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரையேனும் கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தர விதி. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரம் ஏறிய டாட் 4 ஆயிலுக்கு விதி கேட்கும் கொதிநிலை 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் நிற்கும்; பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. 'பிரேக் பிடிக்கவில்லை' என்று சொல்லப்படும் விபத்துகளில் பலவற்றுக்கும் இந்தக் குமிழே காரணம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். மலைவாசிகள் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினாலும் தவறில்லை, வாங்கிய பழைய காரில் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். டாட் 5.1 போட்டால் 260, 180 என்று இரண்டு எல்லைகளும் உயரும்.

இறங்கும்போது வளைவுக்கு முன்னால் அழுத்தமாகக் குறுகிய நேரம் மிதித்து, வேகத்தைக் குறைத்து, காலை முழுமையாக எடுத்துவிடுங்கள். இலேசாகப் பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டே இறங்குவது டிஸ்க்குக்கு ஆற நேரமே கொடுக்காத வழி. தானியங்கி என்றால் கைமுறை நிலைக்கு மாற்றி இரண்டாவதில் பூட்டுங்கள். சின்ன டர்போ எஞ்சினுக்கு எஞ்சின் பிரேக் இயல்பாகவே குறைவு என்பதால், பெரிய எஞ்சினில் மூன்றாவதில் இறங்கிய அதே இறக்கத்தில் இதற்கு இரண்டாவதுதான் வேண்டும். கருகிய வாடை வந்தால், அது முன்னால் போகும் வேனுடையது என்று முதலில் எண்ணத் தோன்றும். ஓரம் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, கீழே இறங்கி உங்கள் சக்கரத்தை முகர்ந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது கைப்பிரேக்கை இழுக்காமல், கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை வையுங்கள். தண்ணீரை ஊற்றி ஆற்றுகிறவர்களைப் பர்லியாரில் இன்னும் பார்க்கிறேன். டிஸ்க் வளைந்து போவதற்கு அதைவிட விரைவான வழி இல்லை.

டயர் காற்றைப் பற்றி ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கருவியில் காட்டும் டயர் அழுத்தம் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குள் ஏறக்குறைய மூன்று புள்ளி (பி.எஸ்.ஐ.) கூட வேண்டும். ஆனால் அடிவாரத்தின் 33 டிகிரியிலிருந்து உதகையின் 13 டிகிரிக்கு வரும்போது குளிர் ஏறக்குறைய அதே மூன்று புள்ளியைக் குறைத்துவிடுகிறது. எனவே கீழே சரியாக வைத்த காற்று மேலேயும் சரியாகவே இருக்கும். சனவரி உறைபனிக் காலையில் மட்டும் மறுபடி பார்த்து ஒன்றிரண்டு புள்ளி ஏற்றிக்கொள்ளுங்கள்.

சாலைகள்

எந்தச் சாலை என்பதைவிட எந்த மாதம் எந்தச் சாலை என்பதே சரியான கேள்வி. தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி ஆகிய மேற்குப் பகுதிகளை நனைக்கிறது. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளைத் தாக்குகிறது. 2009 நவம்பர் நிலச்சரிவுகளை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை கிழக்கே ஓட்டுங்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேற்கே ஓட்டுங்கள். சனவரி, பிப்ரவரியில் இரண்டு பக்கமும் உங்களுடையது. ஏப்ரல், மே மாதங்களில் காரைத் துடைத்து வைத்துவிட்டு நடந்து போவது நல்லது.

மேட்டுப்பாளையம்–குன்னூர்ச் சாலையில் 14 கொண்டை ஊசிகள் இருக்கின்றன. கல்லாறு தாண்டியதும் பாக்கு மரங்களுக்கு இடையே தொடங்கும் ஏற்றம் அழகானது. ஆனால் அது எல்லாருக்குமான சாலை. விடியலுக்கு முன் அல்லாமல் அதில் தாளம் கிடைக்காது. கோத்தகிரிச் சாலையில் வளைவுகள் விரிந்தவை, மூன்றாவது கியருக்கு இடம் உண்டு. பருவ நாள்களில் ஏறுவதற்குக் குன்னூர், இறங்குவதற்குக் கோத்தகிரி என்று காவல்துறை ஒருவழி செய்துவிடும்; கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். குஞ்சப்பனைப் பகுதியில் யானை சாலையைக் கடக்கும். எஞ்சினை அணைக்காமல், விளக்கைக் குறைத்து, பின்னே ஒதுங்கி நிற்பதைத் தவிர அங்கே வேறு வீரம் தேவையில்லை.

கல்லட்டி மலைப்பாதையைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். தலைக்குந்தாவிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசிகள், கடும் செங்குத்து. வெளியூர்ப் பதிவெண் வாகனங்களை அதில் இறங்க விடுவதில்லை. உள்ளூர்ப் பதிவெண் இருந்தாலும், தாழ்ந்த காருக்கு அதில் ஓட்டச் சுகம் எதுவும் இல்லை. முதலாவது கியரும் பயமுமாகவே போய்விடும்.

குன்னூரிலிருந்து கட்டபெட்டு வழியாகக் கோத்தகிரி, அங்கிருந்து கோடநாடு என்பது இரண்டாவது காருக்கென்றே போட்ட சாலை போன்றது. தேயிலைச் சரிவை ஒட்டி வளைவுகள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறக்கின்றன; இரண்டாவது, மூன்றாவது, மறுபடி இரண்டாவது என்று கை ஓயாமல் வேலை செய்யும், வேகமுள்ளோ 50-ஐத் தாண்டாது. காலை ஆறிலிருந்து எட்டு வரை அதன் நேரம். எட்டுக்கு மேல் பள்ளிப் பேருந்துகள், மாலையில் பச்சைத் தேயிலை ஏற்றிய பிக்கப்புகள். அந்த பிக்கப் ஓட்டுநர்கள் இரண்டாயிரம் முறை போன வளைவுகள் அவை. உங்களை முந்தத்தான் செய்வார்கள், மரியாதையாக ஒதுங்கி வழிவிடுங்கள். சூரியன் சாய்ந்த பிறகு காட்டெருமைகள் தோட்டத்திலிருந்து சாலைக்கு இறங்கும். கருத்த உடம்பு மூடுபனியில் பத்தடி வரை தெரியாது; ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் நான்கு வரும் என்று கொள்ளுங்கள்.

ஆனால் ஒரே ஒரு சாலையைத்தான் ஓட்டலாம் என்று யாராவது கட்டளையிட்டால், நான் கேட்பது உதகையிலிருந்து பைக்காரா வழியாக நடுவட்டம் வரையிலான சாலையைத்தான். நகரைத் தாண்டித் தைல மரக் காடு முடிந்ததும் புல்வெளிகள் திறக்கும்; ஆறாவது மைல், ஒன்பதாவது மைல் என்று பிரிட்டிஷ் காலத்து மைல் கணக்கே இன்னும் ஊர்ப்பெயராக வழங்கும் மேடுகள் அவை. அகலமான, நீண்ட, கண்ணுக்கு முழுவதும் தெரிகிற வளைவுகள். முதல் காருக்கும் இங்கே இடமுண்டு. நவம்பர்க் காலை ஒன்றில் பைக்காராவுக்கு முன்னால் உள்ள இறக்கத்தில், சோலை மரங்களின் நிழல் விழும் வளைவில் மட்டும் சாலை கருத்து மின்னியது. வெயிலில் காய்ந்த தாரிலிருந்து பனியில் நனைந்த தாருக்குள் முன்சக்கரம் நுழைந்த கணத்தில் ஸ்டியரிங் கையில் இலேசாகிவிட்டது. ஆக்சிலரேட்டரைச் சிறிது தளர்த்தியதும் மீண்டும் கனத்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை. நிழல் வளைவுக்குள் பிரேக் மிதிக்கக் கூடாது, அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து கால் நினைவில் வைத்திருக்கிறது. நடுவட்டத்துக்கு அப்பால் கூடலூர் வரை இறக்கம் செங்குத்தாகிறது, சரக்கு வண்டிகளும் கூடுகின்றன. ஊசிமலைக் காட்சிமுனையைப் பார்க்கும் ஆசை இல்லாவிட்டால் நடுவட்டத்திலேயே திரும்பிவிடுங்கள். தெப்பக்காடு வழியாகக் கர்நாடகத்துக்குப் போகிறவர்கள், பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்பட்டிருக்கும் என்பதையும் முதுமலைக் காட்டுக்குள் எங்கும் வண்டியை நிறுத்தக் கூடாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மேற்குப் பக்கமாகவே இத்தலார், எமரால்டு, மஞ்சூர் என்று போகும் குந்தாச் சாலை அமைதியானது, குறுகலானது. பேருந்து நேரத்தைத் தேநீர்க் கடையில் கேட்டுக்கொண்டு போங்கள். கேத்திப் பள்ளத்தாக்கைச் சுற்றிக் கேரட் அறுவடை நடக்கும் நாள்களில், கழுவிய கேரட் ஏற்றிய லாரிகள் சொட்டிய நீரும் வயல் மண்ணும் சாலையில் குழம்பாகக் கிடக்கும். அதை ஈரச் சாலையாக எண்ணாமல் எண்ணெய்ச் சாலையாக எண்ணி ஓட்டுங்கள்.

ஏறுகிறவருக்கு முன்னுரிமை என்பது சட்டத்திலேயே இருக்கிற மலைவிதி. கொண்டை ஊசிக்குப் பக்கத்தில் வந்ததும் நேரே பார்க்காமல், பக்கச் சன்னல் வழியாக மேலுள்ள சாலையைப் பாருங்கள். பேருந்தின் கூரை நகர்வது தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். அதற்கு முழு வளைவும் வேண்டும், நீங்கள் பாதி எடுத்துக்கொண்டால் இருவரும் பின்னால் போக நேரும். ஹாரன் ஒன்று போதும். புகைபோக்கியை மாற்றி ஊரைக் கூட்டுகிற சத்தம் சட்டத்துக்கும் ஆகாது, பள்ளத்தாக்கின் மறுகரையில் உள்ள ஹட்டியில் (படுகர் ஊரில்) தூங்குகிற குழந்தைக்கும் ஆகாது.

வீடு திரும்பியதும் டர்போ எஞ்சினை ஒரு நிமிடம் அப்படியே ஓடவிட்டு அணையுங்கள். கியரில் போட்டு, கல் வைத்து, கைப்பிரேக்கை இழுக்காமல் விட்டுவிடுங்கள். உறையை உடனே போர்த்தாதீர்கள். சூட்டில் எழும் ஈரம் துணிக்குள் நின்று, மறுநாள் டிஸ்க்கில் துருவாகத் தெரியும். அரை மணி நேரம் கழித்து வந்து போர்த்திக்கொள்ளலாம்.